அடுத்த ரவுண்டு எப்போ?

என் மனைவியிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்காமல் போனவர் ஒருவருமில்லை. அப்படித்தான் அவள் எல்லோரிடமும் சொல்கிறாள். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை, எச்சரிக்கையாகச் சொல்கிறேன். அவள் விடமாட்டாள். இடது வலது புரியாத ஒரு அம்மாளுக்கு ‘ஜன்னல் பக்கம்’, ‘என் பக்கம்’ என்று சொல்லிச் சொல்லியே டெஸ்ட் பாஸ் பண்ண வைத்தவள். பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொள்கிற ஒரு பேராசிரியரைக் கண்ணைத் திறந்தபடி மிதிக்க வைத்தவள். வண்டி நடுரோட்டில் நின்றுபோனாலும் திட்டமாட்டாள். “பரவாயில்லை, ஸ்டார்ட் பண்ணுங்க. இன்னொரு ரவுண்டு போகலாம்” என்பாள். அந்த இன்னொரு ரவுண்டு இருக்கிறதே, அதற்கு முடிவே கிடையாது. ஓடிவிடலாம் என்று நினைத்தவர்களெல்லாம் வேறு வழியில்லாமல் நல்ல டிரைவர்கள் ஆனார்கள்.

எனக்குக் கணையத்தில் புற்றுநோய் வந்தபோது, அதையும் ஒரு மக்கு மாணவன் என்றே அவள் எடுத்துக்கொண்டாள்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். கடை கீழே, வீடு மேலே. கடை வாசலில் அவளுடைய பயிற்சிக் கார் நிற்கும். ஓட்டுகிறவர் பக்கம் இருப்பதுபோலவே அவள் பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச். எங்களுக்குப் பிள்ளைகுட்டி இல்லை, அதனால் அமைதியான வீடு என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். கல்யாணமான நாளிலிருந்து நான் அவளைக் கிண்டல் பண்ணுவதும் அவள் என்னை அதட்டுவதுமாகத்தான் குடும்பம் ஓடுகிறது. அதட்டலிலும் மரியாதைக்குக் குறைவில்லை. “நீங்க கொஞ்சம் வாயை மூடிட்டு உக்காருங்க” என்று ‘ங்க’ போட்டுத்தான் அதட்டுவாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். புற்றுநோய்ப் பிரிவின் தலைமை டாக்டர் எங்களைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“டேய் மூணாம் கியர்! நீயா?”

“நான்தான் அக்கா” என்றார் டாக்டர். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

மருத்துவப் படிப்பில் எல்லாப் பரீட்சையையும் முதல் தடவையிலேயே தேறியவராம் அவர். ஆனால் காரை மூன்றாம் கியரில் போட்டால் அதிலேயே கிடப்பாராம். மேடு வந்தாலும் மூன்று, நேர்ரோட்டிலும் மூன்று. டிரைவிங் டெஸ்டில் திரும்பத் திரும்பத் தோற்றுக் கண்ணீர் விட்டிருக்கிறார். இவள் விடுவாளா? மூடிக்கிடந்த சந்தை மைதானத்தில் அவரை மாதக்கணக்கில் சுற்ற வைத்துத் தேற்றிவிட்டாள். அன்றிலிருந்து அவருக்கு இவள் அக்கா. அக்கா வீட்டுக்காரர் என்பதால் நான் மாமா. ஆக, என் புற்றுநோய் டாக்டர் எனக்கு மச்சான் முறை ஆகிவிட்டார். மச்சான் செய்யவேண்டிய மரியாதையெல்லாம் அதற்கப்புறம் ஊசி வழியாகத்தான் வந்தது.

ரவுண்டு ரவுண்டாகக் கீமோ மருந்து ஏற்றும் வைத்தியம் ஆரம்பமாயிற்று. ஒவ்வொரு ஸ்கேன் முடிந்ததும் அவர் அறையில் உட்காருவோம். மேஜையில் பிளாஸ்டிக் கல்லீரல் ஒன்று இருக்கும், துண்டு துண்டாகக் கழற்றி மாட்டலாம். என் மனைவி அதைக் கழற்றுவாள், திரும்பத் தப்பாக மாட்டுவாள். டாக்டர் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்புவார். தொண்டையைக் கனைத்துக்கொள்வார். “அக்கா, இது என்னன்னா…” என்று இழுப்பார்.

“அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. அடுத்த ரவுண்டு எப்போ?” என்பாள் இவள்.

“திங்கக்கிழமை, அக்கா” என்று டக்கென்று பதில் வந்துவிடும்.

முதலில் இரண்டு மூன்று ரவுண்டு எனக்கும் நம்பிக்கை இருந்தது. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். கணையத்தில் ஆரம்பித்தது கல்லீரலுக்குக் குடிபோன பிறகும் போனேன். மருந்து ஏறியதும் வாயெல்லாம் தகரம் நக்கினாற்போல் இருக்கும். விரல் நுனிகள் மரத்துவிடும். கண்ணாடிச் சட்டத்தின் பொடி ஸ்க்ரூவை நாற்பது வருஷமாகத் தடவியே முடுக்கியவன் நான். இப்போது சட்டைப் பொத்தானைக்கூட அவள்தான் போட்டுவிடுவாள். படுத்தே கிடப்பேன். மெல்ல மெல்ல வாய் தெளியும், எழுந்து ஜன்னல்வரை நடப்பேன், அடடே என்று இருக்கும். மறுநாள் அடுத்த ரவுண்டு.

நல்ல நாள் வருவதும், அதை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவதுமாகவே போயிற்று.

கண் பரிசோதனையில் ஒரு கட்டம் வரும். கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா, அது தெளிவா?” என்று கேட்டுக்கொண்டே போவேன். ஒரு இடத்தில் ஆள், “ரெண்டும் ஒண்ணுதாங்க” என்பார். அங்கே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேலும் மாற்றிக்கொண்டிருந்தால் அவருக்குத் தலைவலிதான் மிச்சம். என் விஷயத்தில் அந்த இடத்தைத் தாண்டி வெகுதூரம் வந்தாயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன பண்ண? அவளிடம் யார் சொல்வது? காலையில் எழுந்ததும் சுறுசுறுப்பாகப் பையை எடுத்து வைப்பாள், என் கால் வீக்கத்தை அமுக்கிப் பார்ப்பாள், “போன தடவைக்கு இப்ப பரவாயில்லை, இல்லைங்க?” என்பாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று எப்படிச் சொல்வது?

கடைசி ஸ்கேன் அன்று டாக்டரின் கனைப்பு வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. இவள் வழக்கம்போலக் கேட்டாள். அவரும் வழக்கம்போல, “அடுத்த வாரத்துக்கு அடுத்த திங்கக்கிழமை, அக்கா” என்றார். அப்போது அவளுக்கு ஒரு போன் வந்தது. யாரோ ஒரு மாணவிக்கு வண்டியை ஷெட்டிலிருந்து ரிவர்ஸ் எடுக்கத் தெரியவில்லையாம். “ஸ்டீயரிங்கை உடைச்சிடாதே, இரு” என்று சொல்லிக்கொண்டே அவள் வராந்தாவுக்குப் போனாள்.

இதைவிட்டால் சமயம் கிடைக்காது. கதவைச் சாத்தச் சொன்னேன்.

“தம்பி, ஒளிக்காம சொல்லுங்க. அடுத்த ரவுண்டுல எனக்கு என்ன கிடைக்கும்?”

டாக்டர் பிளாஸ்டிக் கல்லீரலைக் கையில் எடுத்துக்கொண்டார். “பெருசா ஒண்ணும் இல்லை மாமா. போன ரவுண்டுலயே ஒண்ணும் கிடைக்கலை. மருந்து இப்ப உங்களைத்தான் அடிக்குது, அதை அடிக்கலை.”

“அப்புறம் எதுக்கய்யா திங்கக்கிழமைன்னீங்க?”

“அக்கா கேட்டாங்களே!”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் வயிறு வலிக்கும், அதனால் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவரும் பாவம், அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். பிறகுதான் ஒழுங்காகப் பேசினார். ஹாஸ்பிஸ் என்றார். நோயைத் துரத்துவதை விட்டுவிட்டு ஆளைக் கவனிக்கிற வைத்தியம் அது என்றார். வலிக்கு மருந்து, வாந்திக்கு மருந்து, மூச்சுக்கு உதவி. வீட்டிலேயே இருக்கலாம், நர்ஸ் வந்து பார்ப்பார்.

“சாகறதுக்கு அனுப்பி வைக்கிறதுதானே அது?” என்று கேட்டேன்.

“எல்லாரும் அப்படித்தான் மாமா நினைக்கிறாங்க. அதனால கடைசி வாரத்துல, நினைவு தப்பின அப்புறம் வர்றாங்க. அந்த நர்ஸ் என்னைப் பிடிச்சுத் திட்டுறாங்க, ஏன் டாக்டர் இவ்வளவு லேட்டா அனுப்புறீங்கன்னு. இன்னும் கொஞ்சம் நல்ல நாள் கையில இருக்கும்போதே வந்தாத்தான் அந்த நாள் உங்களுக்குக் கிடைக்கும். இப்ப உங்க கையில இருக்கு.”

“எவ்வளவு?”

“சில வாரம். நல்லா கவனிச்சா ரெண்டு மூணு மாசமாகூட இருக்கலாம். ரவுண்டு போட்டாலும் அவ்வளவுதான், படுக்கையிலயே போயிடும்.”

கேட்டதும் பகீரென்றது. அதைத் தொடர்ந்து ஒரு நிம்மதியும் வந்தது, மறைக்காமல் சொல்கிறேன். “சரி, இதை உங்க அக்காகிட்ட சொல்லிடுங்க” என்றேன்.

“நானா? நீங்க சொல்லுங்க மாமா, நீங்கதானே வீட்டுக்காரரு!”

“நீங்கதானே டாக்டரு!”

வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவரும் வெளுத்துப்போன ஒருவரும் ‘நீ சொல்லு, நீ சொல்லு’ என்று அடித்துக்கொண்டதை அந்தச் சுவர்கள்தான் பார்த்தன. கடைசியில் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. “மாமா, அக்கா கார்ல உக்காந்தா நிதானமா இருப்பாங்க. நான் ஒரு தடவை நேரா சுவரைப் பார்த்து ஓட்டினேன், அப்பக்கூட ‘கொஞ்சம் இந்தப் பக்கம் தம்பி’ன்னுதான் சொன்னாங்க. கார்ல வெச்சு சொல்லிடலாம்.”

மெத்தப் படித்தவர் சொல்கிறாரே என்று நானும் தலையாட்டினேன். இப்படி ஒரு மடத்தனத்தை நாங்கள் இருவர்தான் செய்யமுடியும். கார் ஓட்டத் தெரியாதவன் ஒருவன், பயந்து பயந்து ஓட்டுகிறவர் இன்னொருவர்.

இரண்டு நாள் கழித்து டாக்டர் எங்கள் வாசலுக்கு வந்தார். புதுக் கார் வாங்கியிருப்பதாகவும், பார்க் பண்ண வரவில்லை என்றும், ஒரு கிளாஸ் எடுக்க வேண்டும் என்றும் சொன்னார். அவளுக்கு ஒரே குஷி. “நான் அப்பவே நினைச்சேன், பார்க்கிங் உனக்கு வீக்குதான்னு. முதல்ல நம்ம கார்ல வா” என்றாள். காற்று வாங்க நானும் வருகிறேன் என்றேன். பின் சீட்டில் தலையணை போட்டு என்னை உட்கார வைத்தாள். டாக்டர் ஸ்டீயரிங்கில், அவள் பக்கத்தில்.

மைதானத்துக்குப் பின்னால் உள்ள காலி ரோட்டில் சொல்வதாகப் பேச்சு. மைதானம் வந்தது, போயிற்று. பூங்கா வந்தது, போயிற்று. டாக்டரின் பின்கழுத்து வேர்த்துக்கொட்டுவது எனக்குத் தெரிந்தது. முழங்காலால் அவர் சீட்டை ஒரு இடி இடித்தேன். மனுஷன் திடுக்கிட்டு வைப்பரைப் போட்டுவிட்டார். வெயிலில் வைப்பர் கீச்சுக்கீச்சென்று ஆடியது.

“மழை எங்கடா வருது?” என்றாள் இவள்.

பெரிய ரோட்டு சிக்னலில் சிவப்பு விழுந்தது. வண்டி நின்றது. டாக்டர் நேராகப் பார்த்தபடி, ஒரே மூச்சில் சொன்னார்: “அக்கா, மாமாவுக்கு இனிமே கீமோ வேண்டாம். அது வேலை செய்யலை. நிறுத்திட்டு வீட்டுல வெச்சுப் பார்த்துக்கிறதுதான் நல்லது.”



“கண்ணாடியைப் பாரு. பின்னாடி லாரி வருது” என்றாள்.

டாக்டர் கண்ணாடியைப் பார்த்தார். அதில் நான் தெரிந்திருப்பேன். பொலபொலவென்று அழ ஆரம்பித்துவிட்டார். பச்சை விழுந்தது. கிளட்சிலிருந்து சடக்கென்று காலை எடுத்தார், வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. பின்னால் ஹாரன் மேல் ஹாரன். ‘ஸ்டார்ட் பண்ணு’ என்று அவள் சொல்வாள் என நான் காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. தன் பக்கத்துப் பிரேக்கை முழுசாக மிதித்துக்கொண்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பேசாமல் உட்கார்ந்திருந்தாள். வாழ்நாளில் யாருக்கும் வழியை மறிக்காதவள். பச்சை போய் மறுபடி சிவப்பு விழுந்தது.

லாரி டிரைவர் இறங்கி வந்து, “அறிவிருக்கா உங்களுக்கெல்லாம்?” என்று கத்திக்கொண்டே ஜன்னலில் எட்டிப் பார்த்தார். பார்த்ததும், “ஐயோ அக்கா, நீங்களா! மெதுவா எடுங்க, அவசரமே இல்லை” என்று போய்விட்டார். அவரும் இவளிடம் படித்தவராம். எங்கே போனாலும் இதே தொல்லை.

அவள் இறங்கிச் சுற்றி வந்தாள். டாக்டரை நகரச் சொல்லிவிட்டு, தானே ஓட்டி, பூட்டிக் கிடந்த ஒரு மரச்சாமான் கடைக்கு முன்னால் நிறுத்தினாள். என்ஜினை அணைத்தாள்.

“எத்தனை நாளா தெரியும்?”

“ரெண்டு ஸ்கேனா தெரியும் அக்கா.”

“அப்ப ஏன் என்கிட்ட சொல்லலை?”

டாக்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “ஒவ்வொரு தடவையும் வாயைத் திறப்பேன் அக்கா. நீங்க ‘அடுத்த ரவுண்டு எப்போ’ன்னு கேட்டுடுவீங்க. ‘வேணுமா’ன்னு ஒரே ஒரு தடவை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். தப்பு என் மேலதான். கேட்காட்டியும் நான் சொல்லியிருக்கணும்.”

   அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

“நீங்களும் சேர்ந்துதானா இது?”

“ஆமா.”

“என்கிட்ட நேரா சொல்ல வாய் இல்லையா உங்களுக்கு?”

“வாய் இருக்கு. தைரியம்தான் இல்லை. என்னை எப்படியாவது பாஸ் பண்ண வைக்கணும்னு நீ உயிரைக் குடுத்துட்டு இருக்கே. ஃபெயிலுன்னு எந்த மூஞ்சியை வெச்சுட்டு சொல்றது?”

“நான் யாரையும் பாதியில விட்டதில்லைங்க.” குரல் உடைந்துவிட்டது அவளுக்கு. “ஒருத்தரையும் விட்டதில்லை.”

“என்னை விட்டியே?”

திரும்பிப் பார்த்தாள். டாக்டரும் திரும்பினார். அவருக்குத் தெரியாதே, யாருக்கும் தெரியாது. கல்யாணமான புதிதில் எனக்கும் கற்றுக்கொடுக்கப் பார்த்தாள். தூரத்தில் இருக்கிற எழுத்தையெல்லாம் படிப்பேன், பக்கத்தில் வருகிற வண்டி மட்டும் கண்ணுக்குத் தெரியாது. கடைசியில் என் கடைக் கதவிலேயே கொண்டுபோய் மோதினேன். உடைந்த கண்ணாடிக்கு நடுவில் நான் விழித்துக்கொண்டு நிற்க, அவள் படியில் உட்கார்ந்து, “உங்களுக்கு வராதுங்க. விட்டுடலாம். நான் ஓட்டறேன், நீங்க பக்கத்துல உக்காந்துக்குங்க” என்றாள். இந்த விஷயம் வெளியே தெரிந்தால் தொழில் கெட்டுவிடும் என்று என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

“அன்னைக்கு எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?” என்றேன். “அதுக்கப்புறம்தான் பக்கத்துல உக்காந்து, உன்னை நச்சரிச்சுக்கிட்டு, ஊரையெல்லாம் வேடிக்கை பார்த்தேன். நீ விட்டதாலதான் நான் நல்லா இருந்தேன். அதே மாதிரி இன்னொரு தடவை விடும்மா.”

வெகுநேரம் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அது வேற, இது வேற” என்றாள். “அன்னைக்கு விட்டேன், நீங்க பக்கத்துல வந்து உக்காந்தீங்க. இன்னைக்கு விட்டா…”

முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை. கிண்டல் பண்ணுவதற்கு எனக்கு ஒன்றும் கிடைக்காத தருணங்கள் குறைவு, அது அவற்றில் ஒன்று. கையை நீட்டி அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். மரத்துப்போன விரலுக்கு அவள் தோள் குலுங்கியது மட்டும் தெரிந்தது.

முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். “தம்பி, அந்த நர்ஸ் வீட்டுக்கே வருவாங்களா?”

“வருவாங்க அக்கா.”

“வலி இல்லாம பார்த்துக்குவாங்களா? சும்மா என் மனசுக்காகச் சொல்லாதே.”

“முக்கால்வாசி வலியைக் கட்டுப்படுத்திடலாம். மிச்சத்துக்கு எந்நேரம் வேணும்னாலும் கூப்பிடலாம். நானும் வருவேன்.”

“சரி.” ஒரு மூச்சு விட்டாள். “பார்க் பண்ண வரலைன்னியே, அதுவாவது நிஜமா, இல்லை அதுவும் நாடகமா?”

“அது நிஜம் அக்கா.”

“அப்ப இறங்கி இந்தப் பக்கம் வா.”

அந்தக் கடை வாசலிலேயே அவரை ரிவர்ஸ் எடுக்க வைத்தாள். மூவரும் அழுத கண்ணோடு முன்னும் பின்னும் போய்வந்ததைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ! நான் பின் சீட்டில் தூங்கிவிட்டேன். அவ்வளவு அசதி, அவ்வளவு நிம்மதி.

மறுநாளே நர்ஸ் வந்தார். அதிசயம், அவர் இவளிடம் கார் கற்றவர் இல்லை, சைக்கிளில் வருகிறவர். அதனால் இவளைக் கண்டு அவருக்குப் பயமே இல்லை. எனக்கு ஒரு துணை கிடைத்தது. கட்டிலை முன்னறை ஜன்னலோரம் போடச் சொன்னார். மருந்தைக் கொஞ்சம் கூட்டினார், கொஞ்சம் குறைத்தார், இந்த வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டுக் கேட்டு ஒரு அளவில் கொண்டுவந்து நிறுத்தினார். தூக்கம் வருகிற அளவும் இல்லாமல் வலி தெரிகிற அளவும் இல்லாமல் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அதைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார் அந்த மகராசி. போகிறபோது என் மனைவியைப் பார்த்து, “நீங்க சாப்பிட்டீங்களா? போய்ச் சாப்பிட்டுட்டு ஒரு மணி நேரம் படுங்க” என்றார். இவள் மறுபேச்சுப் பேசாமல் போய்ப் படுத்தாள். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

வாய்க் கசப்பு விலகிற்று. ஜன்னல் வழியாகக் கடை வாசல் தெரியும். அவள் காலை கிளாஸை மட்டும் வைத்துக்கொண்டாள். மாணவர்கள் காரைக் கிளப்புவதையும் அணைப்பதையும் மேலிருந்து பார்த்து மார்க் போடுவேன். டாக்டர் சாயங்காலங்களில் எட்டிப் பார்ப்பார். காரை வாசலில் குறுக்காக நிறுத்திவிட்டு வருவார், அவள் கீழே அனுப்பி நேராக நிறுத்திவிட்டு வரச் சொல்வாள். எழுந்து நடக்க முடியாத நாளும் உண்டு. ஆனால் அதுவும் என் நாளாக இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை வந்தது. அவள் கட்டிலில் உட்கார்ந்து எனக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. கையில் நகவெட்டி இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுகிற வார்டிலிருந்து ஒரு பெண். நம்முடைய மூணாம் கியர், ரத்து செய்யச் சொல்ல மறந்துவிட்டிருக்கிறார்.

“மேடம், இன்னைக்கு சாருக்கு பெட் போட்டு வெச்சிருந்தோம். நீங்க வரலையே?”

இவள் நகவெட்டியை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

“உடம்பு முடியலையா மேடம்? பரவாயில்லை, வேற தேதி போடட்டுமா? புதன்கிழமை காலியா இருக்கு. போட்டுடட்டுமா?”

இத்தனை சதியும் செய்தவன் நான்தான். முழங்காலால் சீட்டை இடித்தவன் நான். ஆனாலும் அந்த ஒரு நொடியில் எனக்கு ஆசை வந்துவிட்டது. புதன்கிழமை! அந்த வார்த்தையே எவ்வளவு நன்றாக இருந்தது. அதற்கு அடுத்தும் ஒரு தேதி இருக்கும், அதற்கு அடுத்தும். ‘போடுங்க’ என்று அவள் சொல்லிவிட்டால் போதும், நான் மறுத்திருக்கமாட்டேன். வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. அவள் முகத்தையே பார்த்தேன். அவளும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேண்டாம்மா” என்றாள். “இனிமே நாங்க வரமாட்டோம். வீட்டுலயே பார்த்துக்கறோம். அந்த பெட்டை வேற யாருக்காவது குடுத்துடுங்க.”

 “சரிங்க மேடம். சார் எப்படி இருக்காரு?”

“இருக்காரு. நகம் வெட்ட விடாம படுத்தறாரு.”

போனை அணைத்தாள். என் கட்டைவிரலைப் பிடித்து, விட்ட இடத்திலிருந்து வெட்டினாள்.

“இப்ப உங்களுக்கு ஆசை வந்துச்சுதானே?”

“வந்துச்சு.”

“எனக்கும் வந்துச்சு.”

“அப்புறம் ஏன் வேண்டாம்னே?”

 அந்தக் கையை முடித்தாள். மடியில் விழுந்த நகங்களைத் தட்டிச் சேர்த்தாள்.

“மாசக்கணக்கா நீங்க எனக்கு தேங்க்ஸ் சொல்லிட்டே இருந்தீங்க. தண்ணி குடுத்தா தேங்க்ஸ். தலைகாணி வெச்சா தேங்க்ஸ். பொத்தான் போட்டுவிட்டா தேங்க்ஸ். யாரோ விருந்தாளியை வெச்சுப் பார்த்துக்கிற மாதிரி இருந்துச்சு எனக்கு. இன்னைக்குக் காலைல காபியை ஒரு வாய் குடிச்சிட்டு, ‘இதுல நம்ம காரைக் கழுவலாம்’னு சொன்னீங்க பாருங்க.”  நகவெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: “உள்ள போய் நின்னு அழுதேங்க. என் மனுஷன் திரும்பி வந்துட்டாரேன்னு. அவரைப் புதன்கிழமை கூட்டிட்டுப் போயி மறுபடியும் தொலைச்சுட்டு வரச் சொல்றீங்களா?”

தேங்க்ஸ் என்று நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. முழுங்கிக்கொண்டேன்.

“அடுத்த கையை நீட்டுங்க” என்றாள்.

நீட்டினேன். “பார்த்து வெட்டு. நகத்தோட விரலையும் எடுத்துடாதே. உன்னையெல்லாம் நம்பி உக்காந்திருக்கேன் பாரு.”

“வாயை மூடிட்டு உக்காருங்க” என்றாள்.